ரைட்டர் சொன்ன தீட்டு

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தலைச்சோலைப் பக்கம் ஏழெட்டு ஊர்களில் ஒரு வதந்தி இருந்தது. கிளப்பிவிட்டவன் நான்தான். ஏற்காட்டு மிஷன் பள்ளியில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் முப்பத்தாறு மார்க் எடுத்து, அந்த முப்பத்தாறை வைத்தே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டராகச் சேர்ந்தவன் நான். பெயர் ஞானசுந்தரம். பெயரைக் கேட்டு எதையும் எதிர்பார்க்காதீர்கள்; என் அப்பா முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வைத்துவிட்டார்.

எஸ்டேட் வேலிக்குக் கீழே சுனைக்காடு என்று ஒரு ஊர். இருபத்திரண்டு வீடு. வேலியிலிருந்து ஒரு பர்லாங் இறங்கினால் பாறை இடுக்கில் ஒரு சுனை. ஊருக்கே அந்தத் தண்ணீர்தான். எண்பத்து நாலாம் வருஷம் மார்கழி பிறந்த கையோடு அந்த ஊரில் ஆறு குழந்தைகளுக்கு வயிற்றாலே போனது. ஊர்க்கவுண்டர் அங்கப்பனின் பேரனைச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றும்படி ஆயிற்று. சுகாதாரத்துக்காரர் ஒருவர் வந்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றார். காய்ச்சின தண்ணீர் செத்த தண்ணீர் என்று ஊர் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. அவர் சுனைத் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார்.

பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை, பரிசோதனை முடிவு எஸ்டேட் விலாசத்துக்குத் தபாலில் வந்தது. இங்கிலீஷ். அங்கப்பன் ஆள் அனுப்பினார். நான் சட்டைக்கு மேலே கோட்டையும் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பலா மரத்தடியில் ஊரே கூடியிருந்தது. காகிதம் முழுக்கக் கட்டம், எண், கிறுக்கல். எனக்குப் பிடிபட்டதெல்லாம் கடைசியில் சிவப்பு மையில் முத்திரை குத்தியிருந்த ஒரே வார்த்தைதான். கண்டாமினேட்டட். அந்த வார்த்தையை நான் எங்கோ பார்த்திருந்தேன். எங்கே என்றுதான் தெரியவில்லை. நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் அதன் முகத்திலேயே தெரிந்தது.

"ஏனுங்க ரைட்டரே, என்னங்க போட்டிருக்குது?" என்றார் அங்கப்பன்.

'தண்ணீர் கெட்டிருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்வதற்கு முப்பத்தாறு மார்க் எதற்கு? தவிரவும், கிருமி என்று சுகாதாரத்துக்காரர் சொன்னபோது இந்த ஜனங்கள் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அசையும்படியாக ஒரு வார்த்தை வேண்டும். நான் காகிதத்தை மடித்தேன். தொண்டையைச் செருமினேன்.

"தீட்டு" என்றேன். "சுனைத் தண்ணி தீட்டுப்பட்டுப் போச்சுன்னு சர்க்காரே எழுதியிருக்குதுங்க."

அசைந்தார்கள் என்றா சொன்னேன்? தலையில் குடம் வைத்திருந்த ஒரு அம்மாள் அப்படியே அதைக் கவிழ்த்துக் கொட்டினாள். இரண்டு பேர் ஓடிப்போய்ச் சுனைக்கு முள் வெட்டிப் போட்டார்கள். பத்து நாளாக ஒரு டிபார்ட்மெண்டால் முடியாததை நான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். திரும்பி ஏறும்போது, உண்மையைச் சொல்கிறேன், மெல்ல விசிலடித்துக்கொண்டு ஏறினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஆராதனை முடிந்து நானும் என் மனைவி தேவகுமாரியும் எஸ்டேட் பாதையில் வந்துகொண்டிருந்தோம். சில்வர் ஓக் மரங்களுக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே, நாலு பேர் கம்பு நட்டுத் தழை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரமாகச் சின்னன் உட்கார்ந்திருந்தான். சுனைக்காட்டுப் பையன், எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வருகிறவன். இருபது நாளுக்கு முன்தான் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்து, எனக்கு வெல்லம் கொடுத்திருந்தான்.

"என்னடா இது, கொட்டாயி?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "கண்ணாயிக்குத்தானுங்க. கொளந்தையோட இங்கதான் இருக்கோணுமாம். ஒரு மண்டலம்."

"எதுக்கு?"

"தீட்டுன்னு நீங்கதானுங்க படிச்சுச் சொன்னீங்க. அப்பறம், யாரு தீட்டுன்னு ஊரு கேக்காதுங்களா?"

விஷயம் துண்டு துண்டாக வந்தது. அந்த ஊரில் பிள்ளை பெற்றவள் முப்பது நாள் சுனையைத் தொடக்கூடாது. அக்கம்பக்கத்தார் அவளுக்கு மொண்டு ஊற்றவேண்டும். யோசித்துப் பார்த்தால் மோசமான ஏற்பாடு இல்லை. பச்சை உடம்புக்காரி செங்குத்துப் பாதையில் குடம் தூக்காமல் தப்பிப்பாள். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் சின்னன் மிளகு வேலைக்கு மாரமங்கலம் போயிருந்த நாளில், அவன் அம்மா ராசம்மாளுக்குக் கடும் காய்ச்சல். தண்ணி, தண்ணி என்று புலம்பியிருக்கிறாள். கூப்பிட்ட குரலுக்கு யாரும் இல்லை. கண்ணாயி தானே ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போய்விட்டாள். பிள்ளைகளுக்கு வயிற்றாலே போகத் தொடங்கியதும் அந்த வாரம்தான். சனிக்கிழமை சாயங்காலம், "யார் தீட்டு?" என்று ஊர் கேட்டபோது ராசம்மாளே எழுந்து சொல்லிவிட்டாள். அங்கப்பன் பேரனுக்கு ஏதாவது ஆகி அந்தப் பாவம் தன் பேரன் தலையில் விடியுமோ என்று பயம் அவளுக்கு.

"எப்பக் கூட்டிட்டு வர்றாங்க?"

"இன்னைக்கி வெளக்கு வெக்கறதுக்குள்ளங்க. எங்கம்மா அவ காலுல தண்ணி ஊத்தி அனுப்போணும். அவ தொட்ட அதே சுனைத் தண்ணிய."

மார்கழியில் எங்கள் மலை எப்படியிருக்கும் என்று சேலத்தில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் புரியாது. மத்தியானமே பனி இறங்கிவிடும். கம்பளிக்குள் இருக்கிற எனக்கே பல் தந்தியடிக்கும். நாலு கம்பும் கொஞ்சம் தழையும், இருபது நாள் குழந்தையும், நாற்பத்தெட்டு ராத்திரியும். நான் தேவகுமாரியைப் பார்த்தேன். அவள் ஏற்காட்டு டிஸ்பென்சரி ஒன்றில் நர்ஸ். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஊசி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கை நீட்டினாள். "அந்தக் காயிதத்தக் குடுங்க."

கொடுத்தேன். படித்தாள்.

"கண்டாமினேட்டட்டுக்கு என்னன்னு சொன்னீங்க?"

"தீட்டுன்னு."

"நாங்க டிஸ்பென்சரில பஞ்சு கீழ விழுந்தா அதச் சொல்லித்தான் தூக்கிப் போடறோம். ஸ்பூன்ல ஈ உக்காந்தா அதுவும் கண்டாமினேட்டட். பஞ்சு என்ன பிள்ளை பெத்துதா? ஸ்பூன் எளவு ஊட்டுக்குப் போயிட்டு வந்துதா?"

"இல்ல..."

"வெளியில இருந்து ஒண்ணு வந்து கலந்துருச்சு. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். என்ன கலந்துதுன்னு தேடணும். யாரு மேல ஒட்டலாம்னு தேடற வார்த்தை இல்லைங்க அது." கட்டத்துக்குள் இருந்த ஒரு கிறுக்கலை நகத்தால் தட்டினாள். "என்ன கலந்துதுன்னும் இதுலயே போட்டிருக்குது. மலம். மனுச மலம். மேல எங்கயோ இருந்து கசியுது."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு எல்லாம் தாமதமாகத்தான் விளங்கும். ஆனால் விளங்கும்போது மொத்தமாக விளங்கிவிடும்.

சுனைக்கு மேலே வேலி. வேலிக்கு மேலே, பழம் பறிக்க வந்த வெளியூர் ஆட்களுக்காகக் கட்டின புது லயம். லயத்துக்குப் பின்னால் அறுபது பேருக்கு ஒரு கக்கூஸ் குழி. மூன்று வாரத்துக்கு முன் வெட்டினது. எஸ்டேட் மானேஜர் துரை வேறு இடம் காட்டியிருந்தார். அது என் குவார்ட்டர்ஸுக்குக் காற்று வருகிற திசை என்பதால், ஆட்களுக்குச் சௌகரியம் என்று ஒரு நோட் எழுதி, குழியை இந்தப் பக்கம் தள்ளினவன் நான். என் மூக்குக்காக.

"தேவி, அந்தக் குழி..."

"தெரியும். நீங்க எடம் மாத்துனப்பவே சொன்னேன், கீழ ஊரு இருக்குதுன்னு. நீங்க ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லி என் வாய அடைச்சீங்க."

"போய் இப்பவே அங்கப்பன்கிட்டச் சொல்லிடறேன்."

"சொன்னா நம்புவாங்களா? நேத்து தீட்டு, இன்னைக்குக் குழி. கண்ணாயி மேல எரக்கப்பட்டுப் பொய் சொல்றாருன்னுதான் நெனைப்பாங்க." அவள் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தாள். "ஸ்டோர்ல ஃபினாயில் இருக்குதா?"

இருந்தது. ஒரு பெரிய டின். ஸ்டோர் சாவி என்னிடம்தான். அவள் யோசனை எளிமையானது. அதை அந்தக் குழியில் கொட்டி, மேலே தண்ணீரை ஊற்றுவது. குழிக்கும் சுனைக்கும் வழி இருந்தால் நாற்றம் போய்ச் சேரும். கண்ணுக்குத் தெரியாததை ஊர் நம்பாது. மூக்கில் ஏறினால் நம்பித்தான் ஆகவேண்டும். முள் போட்டுவிட்டதால் சுனைத் தண்ணீரை யாரும் குடிக்கப்போவதும் இல்லை.

"போய்ச் சேரலைன்னா?"

"சேரலைன்னா நீங்க அந்தக் கொட்டாயில போய் உக்காருங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் எல்லாம் பஜாருக்குப் போயிருந்தார்கள். டின்னைக் கவிழ்த்தபோது மணி பன்னிரண்டே கால். அப்புறம் பைப்பிலிருந்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர். இருபது பக்கெட் என்று அவள் சொன்னாள். பதினொன்றாவதில் என் கோட்டைக் கழற்றினேன். பதினாலாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் இறங்குகிற வேகத்தைப் பார்த்தேன். ஊற்ற ஊற்ற எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது. அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு மணிக்குச் சுனைக்குப் போய், முள்ளை விலக்கி மோந்து பார்த்தேன். பாசி வாசம். மூன்று மணிக்குப் பார்த்தேன். பாசி வாசம். மூன்றரைக்கு மோந்தபோது ஃபினாயில் தூக்கியடித்தது. துள்ளினேன். அப்புறம்தான் பார்த்தேன், அது என் கையிலிருந்து வந்தது.

நாலு மணிக்கு அங்கப்பன் வந்தார். என்னைச் சுனை ஓரத்தில் குப்புறப் பார்த்ததும் நின்றார்.

"ஏனுங்க ரைட்டரே, தீட்டுத் தண்ணின்னு நீங்களே சொல்லிப்போட்டு, மொகத்த உள்ள உட்டுட்டு இருக்கறீங்க?"

எழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழி, என் நோட், அந்த வார்த்தை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பேரன் நினைப்பில் பல நாளாகத் தூங்காத முகம்.

"அப்ப அந்தப் புள்ள மேல ஒண்ணும் இல்லீங்களா?"

"இல்லீங்க. சத்தியமா இல்லீங்க."

"நேத்தும் இதே மாதிரிதான் கண்ண முளிச்சுக்கிட்டுச் சொன்னீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சுட்டது. "நேத்து காயிதத்துல இருந்துது. இன்னைக்கி காயிதத்துல இல்லீங்களா? ரெண்டுல எது நெசம்? எம்பேரன் அங்க பாட்டலோட கெடக்கறானுங்க. ஊரு எங்கிட்ட ஒரு வழி கேக்குது. நீங்க நொம்ப நல்லவருங்க ரைட்டரே. எளகின மனசு. அந்தப் பொண்ணு அளுவறதப் பாத்துட்டு வந்துட்டீங்க."

"ஃபினாயில் ஊத்தியிருக்குதுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல வாசம் வரும்."

அவர் குனிந்து மோந்தார். அவர் நாற்பது வருஷமாகப் பொடி போடுகிறவர். பக்கத்தில் யானை செத்துக் கிடந்தாலும் அந்த மூக்குக்குத் தெரியாது.

"ஒண்ணும் காணமுங்களே" என்றார்.

நானும் மோந்தேன். பாசி வாசம்.

ஐந்து மணிக்குப் பனி பலா மரம் வரை இறங்கிவிட்டது. ஊர் சின்னன் வீட்டு வாசலில் நின்றது; தேவகுமாரியும் வந்து என் பக்கத்தில் நின்றாள். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். கண்ணாயி துணி மூட்டையும் குழந்தையுமாக வெளியே வந்தாள். பத்தொன்பது வயதுகூட இருக்காது. குழந்தையின் முகத்தைச் சேலையால் இரண்டு சுற்று சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும், எஸ்டேட் ஆபீஸில் கும்பிடுகிற பழக்கத்தில், மூட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கையால் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடு மட்டும் இல்லாதிருந்தால் நான் ஓரமாக நின்றிருப்பேனோ என்னவோ. என் வீரத்தின் அளவு எனக்குத் தெரியும். நான் போய் நடுப் பாதையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ரைட்டரய்யா, எந்திரிங்க" என்றார் ஒருவர்.

"எந்திரிக்க மாட்டேங்க. தீட்டுங்கற வார்த்தை அந்தக் காயிதத்துல இல்லீங்க. நான் போட்டதுங்க. சரியாப் படிக்கத் தெரியாதுங்க எனக்கு. முப்பத்தாறு மார்க்குங்க!"

இருபது வருஷ ரகசியம் வெளியே வந்துவிட்டது. ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்த ஊரில் யாருக்கும் முப்பத்தாறு அதிகமா குறைவா என்று தெரியாது.

"பாவம், அவருக்கு மனசு தாங்கல" என்றாள் ஒரு கிழவி.

இரண்டு பேர் என் கக்கத்தில் கை கொடுத்து, மரியாதையாக, மாப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி ஓரமாக வைத்தார்கள். "வெளக்கு வெக்கற நேரமாச்சு" என்றார் அங்கப்பன், யார் முகத்தையும் பார்க்காமல். "ராசம்மா, தண்ணி கொண்டா."

ராசம்மாள் சொம்போடு சுனைக்கு இறங்கினாள். பனிக்குள் அவள் தலை மறைந்தது. நான் எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் வரிசையில்லாமல் சொன்னேன். நடுவில் கல்யாண ஜெபம்கூட வந்துவிட்டது. குழந்தை ஒருதரம் தும்மியது. சின்னன் தன் துண்டை எடுத்து அதன் மேல் போட்டான்.

ராசம்மாள் வர நேரமாயிற்று. வந்தபோது நடை வேறு மாதிரி இருந்தது. சொம்பை ஒரு கையில் தள்ளிப் பிடித்திருந்தாள், உள்ளே தேள் கிடக்கிற மாதிரி. மருமகள் காலருகே போய் நின்றாள். குனிந்தாள். ஊற்றவில்லை. சொம்பை முகத்தருகே கொண்டுபோனாள்.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக, "இதென்னுங்க, ஆசுபத்திரி நாத்தம் அடிக்குது?"

நான் பாய்ந்தேன். தேவகுமாரி எனக்கு முன்னால் பாய்ந்துவிட்டாள். சொம்பை வாங்கி மோந்தாள். அப்படியே அடுத்த ஆள் மூக்குக்கு நீட்டினாள். அவர் முகத்தைச் சுளித்தார். சொம்பு கை மாறிக் கை மாறி ஊர் முழுக்கச் சுற்றியது. ஒவ்வொரு முகமாகச் சுளிப்பதைப் பார்த்தேன். அவ்வளவு அழகான காட்சியை என் ஆயுளில் பார்த்ததில்லை. இரண்டு இளவட்டங்கள் சுனைக்கு ஓடிப்போய், "ஆமாங்க! ஆமாங்க! பாறைல இருந்தே வருதுங்க!" என்று கத்தினார்கள்.

கடைசியில் சொம்பு அங்கப்பனிடம் வந்தது. அவர் மோந்தார். மறுபடி மோந்தார். பொடி மூக்கை வேட்டி முனையால் நன்றாகத் துடைத்துவிட்டு மூன்றாம் தரம் மோந்தார். தண்ணீரைத் தரையில் ஊற்றினார், கண்ணாயியின் கால் படாத இடமாகப் பார்த்து.

"உள்ள போ, கண்ணு" என்றார் அவளிடம். "பனி."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ராசம்மாள்தான் மூட்டையை எடுத்தாள். "எனக்குத் தண்ணி மோக்கத்தானே போனே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கப்பன் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அறுவது பேரு கழிஞ்சதுதான் நாங்க குடிச்சோமுங்களா?"

"ஆமாங்க."

"குழிக்கு எடம் பாத்தது நீங்க."

"நான்தானுங்க."

"தீட்டுன்னு படிச்சதும் நீங்க."

"ஆமாங்க."

சொம்பைக் கீழே வைத்தார். என்னை அடிக்கலாமா என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். "எஸ்டேட்டத் தூக்கிக் கொட்டாயில வெக்க முடியாது" என்றார் கடைசியில். "உங்கள வெச்சா உங்க ஊட்டம்மா பாவம். குழிய நாளைக்கே மூடிப்போடுங்க. சுனை தெளியற மட்டும் ஊரு உங்க பைப்புலதான் புடிக்கும். துரைகிட்ட நீங்களே பேசிக்கோங்க. அப்பறம், அந்தப் புள்ளைக்கி முப்பது நாளு முடிய இன்னும் பத்து நாளு இருக்குது. அந்தப் பத்து நாளும் அவ ஊட்டுக்கு வேற யாரும் தண்ணி ஊத்தக் கூடாது. நீங்கதான்."

திங்கட்கிழமை துரை வந்ததும் சொன்னேன். என்னைப் பிடித்து அவர் கத்திய இங்கிலீஷில் எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அந்த ஒரு நாள் அது வசதியாக இருந்தது. வேலை போகவில்லை. குழி, அவர் முதலில் காட்டிய இடத்துக்கே போயிற்று. இன்றைக்கும் மேற்குக் காற்று அடித்தால் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறேன். அங்கப்பன் பேரன் வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினான், எலும்பும் தோலுமாக, கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு. அதை எனக்கு நீட்டவே இல்லை. நியாயம்தான்.

பத்து நாளும் சுமந்தேன். பைப்பிலிருந்து சின்னன் வீட்டுக்கு அரை மைல். காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு. வழியில் உள்ள வீட்டுப் பெண்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். "ரைட்டரய்யா, குடத்த இடுப்புல வெக்கோணுமுங்க, கட்டிப் புடிக்கக் கூடாதுங்க" என்பாள் ஒருத்தி. "இங்கிலீசுல கொடத்துக்கு என்னங்க?" என்பாள் இன்னொருத்தி.  தெரிந்ததைக்கூடச் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஃபினாயில் நாற்றம் என் கையை விட்டுப் போக மறுத்தது. சோப்பு, சாம்பல், எலுமிச்சம்பழம், ஒன்றுக்கும் மசியவில்லை. நான் வாசலில் குடத்தை இறக்கினால் போதும், உள்ளே தூளியில் குழந்தை தும்மும். "ரைட்டரு வந்துட்டாரு" என்பாள் ராசம்மாள்.  கண்ணாயி தண்ணீரை வாங்கி நேரே அடுப்பில் ஏற்றிவிடுவாள். ஒரு வாரம் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கும்பிடவும் இல்லை. அந்தக் கும்பிடு நின்றதில் எனக்கு நிம்மதி.

பத்தாம் நாள் சாயங்காலம் கடைசிக் குடத்தை இறக்கினேன். வழக்கம்போல் நின்றேன். உள்ளே சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். கண்ணாயி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க அய்யா?"

"தும்மலை" என்றேன்.

அவள் தூளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளரில் காய்ச்சி ஆறின தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"நொம்ப தூரம் நடந்திருக்கறீங்க," என்றாள், "குடிச்சுட்டுப் போங்க."

குடித்தேன்.